கொம்பின் பின்பக்கக் கோடுகள்

வெஷ்தரா, பாமிர் மலை, தஜிகிஸ்தான்
2013 செப்டம்பர் 14

தம்பி தௌலத்துக்கு,

யா அலி மதத். அக்கா நியோஸ்மோ எழுதுகிறேன். நானும் அம்மாவும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முதல் நாளே சேதி சொல்லிவிடுகிறது. மாஸ்கோவில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இருமல் விட்டதா? கடைப் போனில் கேட்கலாம்தான். நான் பேசினால் பின்னால் பத்துப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அதனால்தான் கடிதம். ஜீப் ஓட்டும் நசர்பெக் நகரத்தில் தபாலில் சேர்ப்பான்.

நம் ஊர் மலையாடு காவல் சங்கத்துக்கு அனுமதி வந்துவிட்டது. வருஷத்துக்கு ஒரே ஒரு கிழக்கிடா, பத்து வயதுக்கு மேல். வெளிநாட்டுக்காரர் ஒருவர் டிசம்பரில் வந்து சுடுவார். கொம்பு அவருக்கு, இறைச்சி ஊருக்கு. அவர் கட்டுவதில் காவலர் சம்பளமும் மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர்க் குழாயும். இதைப் படிக்கும்போது நீ எப்படி மூஞ்சியைச் சுளிப்பாய் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறு.

நான்கு வருஷம் முன்பு நீ போனபோது இந்தப் பள்ளத்தாக்கில் மலையாடு நாற்பத்தொன்று. இந்த வசந்தத்தில் நூற்று அறுபத்து மூன்று. பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்திய நேரம் போக மற்ற நேரமெல்லாம் தொலைநோக்கியும் கையுமாய் உட்கார்ந்து எண்ணியவள் நான். சும்மா சொல்லவில்லை.

சங்கத் தலைவர் கூர்போன்ஷோ அண்ணன் நேற்று சொன்னார்: "உன் தம்பியக் கூப்பிடு டீச்சர். மேல்கணவாய்ல கண்ணக் கட்டி விட்டாலும் நடக்கிறவன் அவன் ஒருத்தன்தான். திருடனுக்குத்தானே திருடன் வர்ற வழி தெரியும்." அவர் கேலியாகச் சொன்னாலும் காவலர் வேலை நிஜம். வந்துவிடு, தௌலத். அம்மா எதுவும் கேட்பதில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

ஆப்ரிகாட் வற்றல் இரண்டு பை அனுப்பியிருக்கிறேன். நசர்பெக் தின்றது போக மீதி வரும்.

உன் அக்கா,
நியோஸ்மோ


மாஸ்கோ
2013 அக்டோபர் 6

அக்காவுக்கு,

யா அலி மதத். நான் நலம். அம்மாவின் முழங்காலுக்குக் களிம்பு அனுப்புகிறேன், சூடு பறக்கத் தேய்த்துவிடு. வற்றல் ஒரு பைதான் வந்தது. நசர்பெக்குக்கு வயிறு வலிக்கட்டும்.

இங்கே பணக்காரர்களின் குளியலறைக்குச் சலவைக்கல் ஒட்டுகிறேன். முட்டி போட்டே வாழ்க்கை போகிறது.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், அக்கா. சிரிப்பு அவ்வளவு நல்ல சிரிப்பு இல்லை. வீட்டில் மாவு தீர்ந்த பிப்ரவரியில் நான் ஒரு கிடாவைச் சுட்டேன். என்ன செய்தார்கள்? பள்ளிக்கூட வாசலில் ஊரைக் கூட்டி நிறுத்தினார்கள். என் கண் முன்னால் துப்பாக்கியின் கட்டையைக் கல்லில் அடித்து உடைத்தார்கள். நான் சொல்லித்தந்து குறிபார்க்கப் பழகினவன் எல்லாம் என்னைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டான். இப்போது எங்கிருந்தோ ஒருத்தன் விமானத்தில் வந்து அதே கிடாவைச் சுடுவான். அவனுக்கு உப்புப்பால் தேநீரும் ரொட்டியும் கொடுத்துக் கைதட்டுவீர்கள். நான் சுட்டது பசிக்கு. அவன் சுடுவது சுவருக்கு. எது பாவம், டீச்சர்?

வருவது இருக்கட்டும். எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். அன்றைக்கு ரத்தத்தைப் பனியால் மூடினேன். தோலை ஆற்றில் விட்டேன். இறைச்சி வைக்கோலுக்குள். கொம்பை மட்டும் ஒஸ்தோனுக்குக் கொண்டுபோய் வைத்தேன். வேட்டையாடினவன் அந்தப் புனிதத் தலத்துக்குக் கொம்பு வைக்காமல் இருக்க முடியுமா? அப்பா ஒருநாளாவது வைக்காமல் இருந்தாரா? வைத்த நாலாம் நாள் பிடித்தார்கள். கும்பிடப் போன யாரோ என் காணிக்கையைச் சாட்சியாக்கிவிட்டார்கள்.

யார் சொன்னது? அதைக் கண்டுபிடித்து எழுது. பெயர் தெரிந்தால் ஊருக்கு வருவதைப் பற்றி யோசிக்கிறேன். அந்த ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தெரியாமல் ரொட்டி பிட்டுத் தின்ன என்னால் முடியாது.

தௌலத்ஷோ


வெஷ்தரா
2013 அக்டோபர் 30

என் தௌலத்துக்கு,

யா அலி மதத். களிம்பு வந்தது. அம்மா தேய்த்துக்கொண்டு ஆட்டுக்கொட்டில்வரை நடந்தாள். உனக்கு வேலை கடினம் என்று தெரிகிறது. முட்டிக்குக் கீழே பஞ்சு வைத்துக்கொள்ளக் கூடாதா?

நீ கேட்டதையே ஊர்க்கூட்டத்தில் மேய்ப்பர் வீட்டு பீபிகுல் சித்தி எழுந்து கேட்டாள். "நம்மாளு சுட்டா திருட்டு, அவன் சுட்டா விருந்தா? இது எந்த ஊரு நியாயம், கூர்போன்ஷோ?"

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு என்னைப் பார்த்தார். கணக்குக் கேட்டால் மட்டும் எல்லாருக்கும் டீச்சர் ஞாபகம் வரும்.

நான் சொன்னேன்: "சித்தி, நம்மாளு கணக்கில்லாம சுட்டப்போ மலையில நாப்பத்தொண்ணுதான் மிஞ்சிச்சு. இப்ப ஒண்ணு போகும், எழுபது பொறக்கும்."

"அப்ப சுட்டவன் ஏழை. அதச் சொல்லு மொதல்ல."

"ஏழைதான்."

"அந்த ஒண்ண நமக்கே குடேன். நாங்க பங்கு போட்டுக்கிறோம்."

"நாம சுட்டா இறைச்சி மட்டும்தான் சித்தி. காவலுக்கு யாரு போவா? சம்பளமில்லாம உன் மருமகன் போவானா?"

"அவனா! அவன் அடுப்புக்கு விறகே எடுக்கமாட்டான்."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கூட்டம் கலைந்தது. ஆனால் சித்தி போகும்போது என் கையைப் பிடித்து, "கணக்கு சரி பொண்ணே, மனசு ஒப்பலியே" என்றாள். எனக்கும் முழுசாக ஒப்பவில்லை, தம்பி. அதற்கு மேல் நல்லதாக ஒரு வழி எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தெரிந்தால் நீ எழுது.

குளிர் ஆரம்பித்துவிட்டது, விரல் மரத்துப்போகிறது. மற்றதைப் பிறகு எழுதுகிறேன். அம்மா உன் நெற்றியில் முத்தமிடச் சொன்னாள்.

அக்கா


மாஸ்கோ
2013 நவம்பர் 24

அக்காவுக்கு,

யா அலி மதத். பஞ்சு வைத்துக்கொண்டேன், பரவாயில்லை. உங்கள் இருவர் உடம்பும் எப்படி?

இப்போது வேலை செய்கிற வீட்டில் மாடிப்படி முழுக்கத் தலைகள். மான், பன்றி, கரடி. மேலே நடுவில் நம் மலையாட்டுக் கிடா. நான் சலவைக்கல்லைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். மாஸ்கோவில் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது. வீட்டுக்காரர் படியேறி மூச்சு வாங்க வந்தார்.

"அழகா இருக்கா? பாமிர்ல நானே மலையேறிச் சுட்டது. பதினெட்டு வயசுக் கிழம். இந்த முண்டுகள எண்ணிப் பாரு!"

சொந்த மாடிப்படியே ஏற முடியாத மனிதர் எந்த மலையை ஏறினாரோ. கொம்பின் முன்பக்க முண்டுகளை எண்ணிப் பதினெட்டு என்கிறார். அவர் போன பிறகு ஏணி போட்டு ஏறிப் பின்பக்கக் கோடுகளை எண்ணினேன், வருஷத்துக்கு ஒரு கோடுதானே. அப்பா சொல்லித்தந்த மாதிரி, நகத்தை ஓட்டி. ஆறு. ஆறே வயது, அக்கா. இன்னும் நாலைந்து வருஷம் இனத்தைப் பெருக்கியிருக்கும். எங்கே, யார் காட்டிக்கொடுத்துச் சுட்டாரோ தெரியாது. உங்கள் ஆளும் இப்படித்தான் வருவார். விருந்தாளி அவசரப்பட்டால் கூர்போன்ஷோ அண்ணன் முண்டுகளையும் வயதாக எண்ணிவிடுவார். நீ பக்கத்தில் இரு.

என் கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. விரல் மரத்துப்போனதாக எழுதினாய். இப்போது கையுறை போட்டுக்கொண்டு எழுது.

தௌலத்


வெஷ்தரா
2013 டிசம்பர் 20

தம்பி,

யா அலி மதத். அம்மாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல் இருந்து தணிந்துவிட்டது, பயப்படாதே. நீ எழுதியது நல்லதாகப் போயிற்று.

வந்தவர் ஸ்பெயின்காரர், அறுபது வயது, நன்றாகவே ஏறினார். முதல் நாள் கீழ்ச்சரிவில் ஒரு பெரிய கிடா நின்றது. கூர்போன்ஷோ அண்ணன், "இதுதான், பன்னெண்டு வயசு" என்று காதைக் கடித்தார். நான் தொலைநோக்கியில் பார்த்தேன். அது பக்கவாட்டில் திரும்புகிறவரை காத்திருந்து பின்பக்கத்தை எண்ணினேன். எட்டு.

"சுடக்கூடாது" என்றேன்.

"டீச்சர், ஆளு வந்து பனியில நிக்கிறாரு. ரெண்டு வருஷம் பெரிய விஷயமா?"

"அண்ணே, இவரு போயிட்டா நாளைக்கு இன்னொருத்தரு. இன்னிக்கு ரெண்டு வருஷம் விட்டுக்கொடுத்தா அடுத்த தடவை நாலு. அப்புறம் என் தம்பிய எதுக்குப் பள்ளிக்கூட வாசல்ல நிறுத்தினோம்?"

மொழிபெயர்க்க வந்தவர் விஷயத்தைச் சொன்னதும் ஸ்பெயின்காரர் முகம் சுண்டிப்போயிற்று. அன்று தேநீர்கூடக் குடிக்கவில்லை. நான்காம் நாள் மேல்கணவாய்க்குக் கீழே ஒரு கிழம் தனியாக நின்றது. பன்னிரண்டு கோடு. நானே எண்ணிச் சரி என்றேன். ஒரே வெடி. என் வாயால் சரி என்று சொல்லி ஒரு உயிர் போனது, தௌலத். பாறைக்குப் பின்னால் போய் அழுதேன். சங்கத்துக்காக நூறு தடவை வாதாடினவள்தான், ஆனாலும் அழுதேன்.

இறைச்சி முப்பத்திரண்டு வீட்டுக்கும் போயிற்று. நம் வீட்டில் சூப் வைத்தோம். பீபிகுல் சித்தி வந்து, "கிழம்னு சொன்னே, பல்லே போயிடும் போல" என்று திட்டிக்கொண்டே இரண்டு கிண்ணம் குடித்தாள்.

கொம்பை ஒஸ்தோன் வழியாகத்தான் ஜீப்புக்குத் தூக்கிப் போனார்கள். பெரியவர்கள் சிலர் கல்லுக்கு முத்தமிட்டுவிட்டுக் கொம்பையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஊரை விட்டு வெளியே போகிற முதல் கொம்பு அது. இனிமேல் தானாகச் செத்த கிடாவின் கொம்பை ஒஸ்தோனுக்கு வைப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். நான் எல்லாருக்கும் பின்னால் நின்றேன். என்னால் அங்கே அதிக நேரம் நிற்க முடியாது.

குளிருக்குக் கம்பளிக் காலுறை அனுப்புகிறேன். போட்டுக்கொள்.

அக்கா


மாஸ்கோ
2014 ஜனவரி 12

அக்கா,

நான் நலம். காலுறை கச்சிதம்.

எட்டு வயதுக் கிடாவை விட்டுவிட்டாய் என்று படித்ததும் பக்கத்துப் படுக்கைக்காரனை எழுப்பிச் சொன்னேன். "எங்க அக்கா!" என்றேன். அவன் சமர்கந்துக்காரன், ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டுத் தூங்கிப்போனான்.

நேற்று கடைப் போனில் அம்மா பேசினாள். பேச்சுவாக்கில், "நியோஸ்மோ ஒஸ்தோனுக்கு உள்ள போயி நாலு வருசமாச்சு, வாசல்லயே நிக்குறா" என்றாள். ஏன், அக்கா?

தௌலத்


வெஷ்தரா
2014 பிப்ரவரி 3

தௌலத்துக்கு,

யா அலி மதத். அம்மா சுகம். நானும் உடம்புக்குச் சுகம்தான்.

நான்தான் சொன்னேன்.

நான்கு வருஷமாக இந்த இரண்டு வார்த்தையை எழுத வரவில்லை. எழுதியாயிற்று, மற்றதையும் கேள். அந்தப் பிப்ரவரியில் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. இடது கொம்பில் முனை உடைந்த கிடா, உனக்குத் தெரியும். மூன்று நாள் தேடினேன். அம்மாவுக்கு உடம்பு சரியாக வேண்டும் என்று தூபம் போட ஒஸ்தோனுக்குப் போனேன். அடுக்கில் புதுக்கொம்பு இருந்தது. முனை உடைந்த கொம்பு. மண்டையோட்டில் கையகலம் விட்டு வெட்டி, அடியில் ஒரு கொத்து மலைச்செடி செருகியிருந்தது. அப்பா செய்கிற மாதிரி. அப்பா செத்துவிட்டார். இந்த ஊரில் அப்படிச் செய்ய மிச்சம் இருந்தது நீ மட்டும்தான்.

அங்கிருந்து கூர்போன்ஷோ அண்ணன் வீடு அரைமணி நடை. நம் வீட்டைத் தாண்டித்தான் போனேன். உள்ளே நீ அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாய், சன்னல் வழியாகத் தெரிந்தது. ஒரு வார்த்தை உன்னிடம் கேட்டிருக்கலாம். வழியில் ஒரு தடவைகூடத் திரும்பலாமா என்று எனக்குத் தோன்றவில்லை. அதைத்தான் இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

சொன்னது தப்பு என்று இப்போதும் நினைக்கவில்லை. நாற்பத்தொன்றில் ஒன்று போயிருந்தது. உன்னை விட்டிருந்தால் யாரையும் பிடித்திருக்க முடியாது. ஆனால் நீ நம்பிக்கையோடு வைத்த இடத்தில் நான் வேவு பார்த்தேன். கும்பிடப் போனவள் திருட்டுக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தேன். அதற்குத்தான் உள்ளே போக முடியவில்லை.

பெயர் கேட்டாய். கொடுத்துவிட்டேன். இனி யோசிப்பது உன் பாடு.

நியோஸ்மோ


வெஷ்தரா
2014 மார்ச் 24

தம்பி,

நவ்ரூஸ் புத்தாண்டு வாழ்த்து. அம்மா பண்டிகைச் சாப்பாட்டுக்குக் கிண்ணம் வைக்கும்போது உனக்கும் ஒன்று வைத்தாள். வழக்கப்படி வீட்டைத் தூசி தட்டித் தூணுக்கு மாவு பூசினோம். மேட்டுத் தெருவில் குழாய் வந்துவிட்டது. பீபிகுல் சித்தி அதை மூடாமல் ஓடவிட்டு, "ஸ்பெயின்காரரு நல்லா இருக்கட்டும்" என்று பாட்டுப் பாடுகிறாள். மனசு ஒப்பவில்லை என்றவள் இவள்தான்.

மேல்கணவாயில் பனிச்சிறுத்தையின் தடம் பார்த்தோம். தாயும் இரண்டு குட்டியும். நான் டீச்சரான பிறகு முதல் தடவை.

ஒளித்து வைத்த துப்பாக்கிகளைத் தாமாகவே கொண்டுவந்து கொடுத்தால் வழக்கு இல்லை என்று மாவட்டத்தில் சொல்லியிருக்கிறார்கள். இதுவரை ஐந்து வந்தது. அதில் ஒன்று கூர்போன்ஷோ அண்ணனுடையது. கேட்டதற்கு, "என்னைக்காவது ஆகும்னு வெச்சிருந்தேன்" என்றார்.

உன் கடிதம் வரவில்லை. தபால் மேல் பழி போட்டு அம்மாவைச் சமாளிக்கிறேன்.

அக்கா


வெஷ்தரா
2014 மே 9

தௌலத்,

திட்டியாவது இரண்டு வரி எழுது. அம்மா தபால்காரரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

முதல் குட்டிகள் பிறந்துவிட்டன. இதுவரை பதினேழு.

நி.


மாஸ்கோ
2014 மே 27

அக்காவுக்கு,

யா அலி மதத். நான் நலம். தபால்காரர் பாவம், அம்மாவைச் சமாதானம் செய். தப்பு என்னுடையது.

உன் பிப்ரவரிக் கடிதத்தை நாலாகக் கிழித்தேன். குப்பையில் போட மனசு வரவில்லை. ஒரு மாதம் பையிலேயே கிடந்தது. பிறகு சலவைக்கல் ஒட்டுகிற பசையை வைத்து ஒட்டினேன். இப்போது அது காகிதம் இல்லை, பலகை. மடிக்க வரமாட்டேன் என்கிறது.

உன் மேல் இருந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. படியில் உட்கார்ந்து உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். சமர்கந்துக்காரன் பயந்து வேறு அறைக்குப் போய்விட்டான். அவனில்லாமல் தனியாக இருந்தபோதுதான் ஒன்று புரிந்தது. நீ எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. நான் எழுதியதில் இருக்கிறது.

வீட்டில் மாவு தீர்ந்தது என்று எழுதினேன் அல்லவா? தீரவில்லை. அரை மூட்டை இருந்தது, உனக்கே தெரியும். இத்தனை கடிதத்தில் ஒரு தடவைகூட நீ அதைச் சொல்லிக்காட்டவில்லை. பள்ளிக்கூட வாசலில் நான் பசி என்று சொன்னபோதும் நீ வாயைத் திறக்கவில்லை. நான் சுட்டது பசிக்கு இல்லை, அக்கா. அது நின்றது, காற்று எனக்குச் சாதகமாக இருந்தது, என்னால் முடியும் என்று தெரிந்தது. அதுதான் காரணம். பணக்கார வீட்டு ஏணியில் நின்று கோடு எண்ணும்போது அந்த மனிதரைக் கேவலமாக நினைத்தேன். முனை உடைந்த கிடாவின் கோட்டை நான் சுடுவதற்கு முன்னால் எண்ணவில்லை. சுட்ட பிறகு எண்ணினேன். ஏழு. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஒஸ்தோனில் வேவு பார்த்தேன் என்று வருத்தப்படுகிறாய். அந்தக் கொம்பை அங்கே வைத்தபோது என் மனசில் பக்தி எவ்வளவு, கர்வம் எவ்வளவு என்று எனக்கே தெரியாது. நீ உள்ளே போ. எனக்காகவும் ஒரு தூபம் போடு.

இன்னொன்று. கடைசியாக இதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அங்கே வந்து நிற்க எனக்கு முகம் இருக்காது. அன்றைக்கு உடைத்தது என் பழைய துப்பாக்கி. நல்லது ஒன்று வேறே இருக்கிறது. மேல்கணவாய் ஏறுகிற வழியில் சிவப்புப் பாறைக்கு இடப்பக்கம், மேய்ப்பர்கள் கட்டிய இடிந்த சுவருக்குள் மூன்றாவது வரிசைக் கல்லை உருவினால் தார்ப்பாயில் சுற்றிக் கிடக்கும். ஊருக்குத் திரும்பினால் எடுக்கலாம் என்றுதான் இத்தனை வருஷம் விட்டுவைத்தேன். நானே வந்து கொடுக்கலாம். ஆனால் அந்த வழியில் நான் தனியாக நடந்தால், கையில் அது கிடைத்தால், எதிரே ஒரு கிடா நின்றால், என்ன செய்வேன் என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை. அதனால் நான் வரும்போது அது அங்கே இருக்கக் கூடாது.

ஜூன் கடைசியில் வருகிறேன். அந்தக் காவலர் வேலையை எனக்கு வைத்திருக்கச் சொல். முதல் மாதம் என்னைத் தனியாக அனுப்ப வேண்டாம், யாராவது கூட வரட்டும்.

இதைப் படித்து முடித்ததும் நேராகக் கூர்போன்ஷோ அண்ணன் வீட்டுக்குப் போ. நம் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும், நின்றுவிடாதே. இந்தத் தடவையும் நீயே சொல், அக்கா.

உன் தம்பி,
தௌலத்ஷோ